ஆயா அடித்தால் போலீஸ், அப்பா அடித்தால் வளர்ப்பா? குழந்தைக் கொடுமைக்குச் சட்டத்தில் உண்மையில் என்ன தண்டனை?

பல்லாவரம்_பாலு

எங்கள் அடுக்ககத்து வாட்ஸ்அப் குழுவில் சில நாளாக வேறு பேச்சே இல்லை. கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிற ஒரு வீடு. கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேலைக்கு வைத்திருந்த ஆயா குழந்தையை அடிப்பது கேமராவில் பதிவாகியிருக்கிறது. பால் குடிக்கவில்லை என்று இரண்டு தோளையும் பிடித்து உலுக்குகிறார், தொடையில் அறைகிறார். நான் அரை நிமிடம்தான் பார்த்தேன். அதற்கு மேல் முடியவில்லை.

குழுவில் வழக்கம்போல "தூக்கில் போடணும்", "பத்து வருஷம் வெளியே விடக்கூடாது" என்று ஆளாளுக்குத் தீர்ப்பு. அப்போது மூன்றாவது மாடியில் இருக்கிற ஓய்வுபெற்ற டீச்சர் ஒரு வரி போட்டார்: "பி பிளாக்கில் ஒருத்தர் மகனை பெல்ட்டால் அடிக்கிற சத்தம் நாலு மாடிக்கும் கேட்குமே, அவருக்கு எத்தனை வருஷம்?" குழு கப்சிப். கொஞ்ச நேரம் கழித்து ஒருவர் தண்ணீர் லாரி எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டார்.

எனக்குத் தெரிய வேண்டியது: சட்டம் இந்த இரண்டு பேரையும் வேறு வேறாகப் பார்க்கிறதா? எத்தனை வருடம்? புகார் யாரிடம்? கோபப்படுவதற்கு எங்கள் குழுவே போதும். விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

மதுரை_வக்கீலம்மா

பாலு சார், முதல் கேள்விக்கு நேர் பதில்: இல்லை. இரண்டு பேருக்கும் ஒரே பிரிவு, ஒரே தண்டனை.

இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 75. நாங்கள் ஜேஜே ஆக்ட் என்போம். குழந்தை யாருடைய பொறுப்பிலோ கட்டுப்பாட்டிலோ இருக்கிறதோ, அந்த ஆள் அதை அடித்தாலும், கைவிட்டாலும், துன்புறுத்தினாலும், வேண்டுமென்றே கவனிக்காமல் விட்டாலும், அதனால் உடம்புக்கோ மனசுக்கோ தேவையில்லாத வேதனை வரக்கூடும் என்றால் குற்றம். மூன்று வருடம் வரை சிறை, அல்லது 1 லட்சம் அபராதம், அல்லது இரண்டும். குழந்தை என்றால் 18 வயது முடியாத யாரும். பெற்றவரா, சித்தியா, பாட்டியா, சம்பளத்துக்கு வந்தவரா என்று அந்தப் பிரிவு கேட்பதே இல்லை.

அதே பிரிவில் இன்னும் இரண்டு படி உண்டு. குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற நிறுவனத்தில் வேலை செய்பவரோ நடத்துபவரோ செய்தால் ஐந்து வருடம் வரை கடுங்காவல், 5 லட்சம் வரை அபராதம். காப்பகம், கிரெச் (வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடம்) எல்லாம் இதில் வரும். அடுத்த படி, அந்தக் கொடுமையால் குழந்தை உடல் முடங்கினால், மனநோய் வந்தால், உயிருக்கோ உறுப்புக்கோ ஆபத்து வந்தால், குறைந்தது மூன்று வருடம், அதிகம் பத்து வருடம், 5 லட்சம் அபராதம்.

உங்கள் பக்கத்து வீட்டு ஆயா தனியாக வீட்டு வேலைக்கு வந்தவர் என்றால் ஐந்து வருடப் படிக்குள் வரமாட்டார். பி பிளாக் அப்பாவும் அவரும் ஒரே மூன்று வருடக் கோட்டில்தான் நிற்கிறார்கள். ஏஜென்சி மூலம் வந்தவர் என்றால் அந்த ஏஜென்சி "குழந்தைப் பராமரிப்பை ஏற்ற நிறுவனம்"தானா என்று வாதாடிப் பார்க்கலாம்.

இதற்கு முந்தைய 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இதே குற்றத்துக்கு ஆறு மாதம்தான். அந்தக் கணக்கில் பார்த்தால் மூன்று வருடம் பெரிய உயர்வு. ஆனால் உயர்த்திய கையோடு இன்னொரு பக்கம் இழுத்துவிட்டார்கள். அதைச் சாயங்காலம் எழுதுகிறேன், கோர்ட்டுக்கு நேரமாகிவிட்டது.

கொங்குத்தம்பி

வக்கீலம்மா சொல்றது சரிங்க, சட்டம் அப்படித்தான் இருக்கும். ஆனா ஆயா அடிக்கிறதும் அப்பன் அடிக்கிறதும் ஒண்ணுன்னு சொன்னா எப்படிங்க ஒத்துக்கிறது? முருங்கையை ஒடிச்சு வளர், பிள்ளையை அடிச்சு வளர்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க? எங்கப்பா வேப்பங்குச்சியில வெளுத்ததாலதான் நான் இன்னைக்கு சொந்தமா தறி போட்டு நடத்துறேன். ஒவ்வொரு அறைக்கும் கேஸ் போட்டா நாட்டுல பாதி அப்பா அம்மா உள்ளதான் இருக்கணும்.

தமிழ்செல்வி_ஸ்டாஃப்நர்ஸ்

பாலு அண்ணா, சட்டம் அப்புறம். முதலில் ஒன்று. தோளைப் பிடித்து உலுக்கினார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்களா?

அரசு மருத்துவமனைக் குழந்தைகள் வார்டில் நிறைய வருஷம் இருந்தவள் சொல்கிறேன். கைக்குழந்தைக்குத் தலை கனம், கழுத்தில் பலம் கிடையாது. உலுக்கும்போது மூளை உள்ளேயே ஆடும், மேலே இருக்கிற சின்ன ரத்தக் குழாய்கள் அறுந்து ரத்தம் கசியலாம், கண்ணின் உள்திரையிலும் கசியலாம். வெளியே ஒரு கீறல்கூட இருக்காது. வாந்தி, பால் மறுப்பது, எப்போதும் தூங்கிக்கொண்டே இருப்பது, வலிப்பு, இதில் எது இருந்தாலும் உடனே ஓடணும். ஒன்றும் இல்லாவிட்டாலும் குழந்தை டாக்டரிடம் "உலுக்கினார்கள்" என்ற வார்த்தையைச் சொல்லிக் காட்டணும். அதைச் சொல்லாவிட்டால் வயிற்றுக் கோளாறு என்று மருந்து எழுதிவிடுவார்கள்.

பல்லாவரம்_பாலு

நன்றி சகோதரி. உடனே அவர்களைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். தொடையில் வீக்கம் வடிந்துவிட்டது, அதனால் போகவில்லை என்றார்கள். இன்றே போகிறார்கள்.

தமிழ்செல்வி_ஸ்டாஃப்நர்ஸ்

நல்லது. போகும்போது ஏஆர் (ஆக்சிடென்ட் ரெஜிஸ்டர்) போடச் சொல்லுங்கள், நகலையும் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். அடிதடி, விபத்து என்று வருகிற ஒவ்வொருவருக்கும் போடுகிற பதிவுதான், குழந்தைக்கு மட்டும் வீட்டுக்காரர்கள் வேண்டாம் என்று கெஞ்சுவார்கள். பிறகு கோர்ட்டில் அந்த ஒரு தாள்தான் பேசும்.

கொங்குத்தம்பிக்கும் ஒரு பதில். எங்களிடம் வருகிற எந்தப் பெற்றோரும் "அடித்தேன்" என்று சொல்ல மாட்டார்கள். மாடிப்படியில் விழுந்தான், கட்டிலில் இடித்துக்கொண்டான். விழுகிற குழந்தைக்கு முட்டி, முழங்கால், நெற்றி, மோவாய் அடிபடும். காதுமடல், முதுகு, தோளுக்குக் கீழே கையின் உள்பக்கம், புட்டம், இங்கெல்லாம் ரத்தம் கட்டியிருந்தால் சீனியர் சிஸ்டர் எங்களைத் திரும்பிப் பார்ப்பார். தவழவே ஆரம்பிக்காத குழந்தைக்கு எங்கே ரத்தம் கட்டியிருந்தாலும் கேள்வி கேட்டே ஆகணும்.

இன்னொன்று சூடு. படுக்கையில் ஒன்றுக்குப் போகிறது, திருடித் தின்கிறது, பள்ளிக்கூடம் போகவில்லை என்று கரண்டிக் காம்பைக் காய்ச்சி வைத்திருப்பார்கள். இரண்டு பக்கமும் நேர்க்கோடு, நடுவில் ஒரே அகலம், நுனியில் காம்பின் வளைவு. அதைப் பார்த்துவிட்டு "குக்கர் பட்டுவிட்டது" என்று பொய் சொல்கிறவர்கள் எல்லாம் கொடூரமான ஆட்களாக இருப்பதில்லை. நம்மைப் போல முகம், நம்மைப் போல பேச்சு. வேப்பங்குச்சிக்கும் காய்ச்சிய கரண்டிக்கும் நடுவில் கோடு எங்கே என்று அவர்களிடம் கேட்டால் அவர்களுக்கே தெரியாது.

மதுரை_வக்கீலம்மா

வந்துவிட்டேன். முதலில் கொங்குத்தம்பிக்கு.

ஒவ்வொரு அறைக்கும் வழக்கு வராது. பிரிவு 75 "தேவையில்லாத வேதனை" என்றுதான் சொல்கிறது, அதை அளப்பது நீதிமன்றம். பழைய இந்திய தண்டனைச் சட்டம் (ஐபிசி) 89, இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா (பிஎன்எஸ்) பிரிவு 27, 12 வயதுக்குட்பட்ட குழந்தையின் நன்மைக்காக நல்லெண்ணத்தில் பாதுகாவலர் செய்கிற செயலுக்கு விலக்குக் கொடுக்கிறது. அப்பாக்களின் வக்கீல்கள் முதலில் தூக்குவது இதைத்தான். ஆனால் அதற்கு எல்லை உண்டு. சாவையோ கொடுங்காயத்தையோ தடுக்கவும், நோயைக் குணப்படுத்தவும் செய்தது தவிர, கொடுங்காயம் விளைவித்தால் விலக்கு கிடையாது. எலும்பு முறிந்தால் "கண்டித்தேன்" என்கிற பேச்சு எடுபடாது.

இப்போது காலையில் விட்ட இடம். 2021-இல் ஜேஜே சட்டத்தைத் திருத்தினார்கள், 2022 செப்டம்பரில் அமலுக்கு வந்தது. எல்லோரும் தத்தெடுப்பு நீதிமன்றத்திலிருந்து கலெக்டரிடம் போனதைப் பற்றியே பேசினார்கள். சத்தமில்லாமல் பிரிவு 86-ம் மாறியது. மூன்றிலிருந்து ஏழு வருடம் வரை தண்டனை உள்ள குற்றங்கள் அதற்கு முன்பு போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடியவை. இப்போது மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் விசாரிக்கவே முடியாதவை. கிரெச், காப்பக ஊழியர் செய்கிற கொடுமையும் இதற்குள் போய்விட்டது. டெல்லி குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனது.

பலன் என்ன தெரியுமா? பிரிவு 75-இல் பத்து வருடப் படி மட்டும்தான் இன்றைக்கு போலீஸ் தானாகக் கையிலெடுக்கக்கூடியது. குழந்தை முடமாகும் அளவுக்கோ உயிருக்கு ஆபத்து வரும் அளவுக்கோ போனால் ஸ்டேஷன் கதவு திறக்கும். அதற்குக் குறைந்தால் "கோர்ட்டுக்குப் போய் ஆர்டர் வாங்கிட்டு வாங்க" என்பார்கள், சட்டப்படி அவர்கள் சொல்வது தப்பும் இல்லை. தண்டனையை ஆறு மாதத்திலிருந்து மூன்று வருடமாக்கிவிட்டு வாசலில் பூட்டுப் போட்டால் அந்த மூன்று வருடம் யாருக்கு?

களப்பணி_ராஜா

வக்கீல் மேடம் சொன்னதை நான் மறுபக்கத்திலிருந்து பார்த்தவன். குழந்தைகள் உதவி எண் 1098-க்காகக் களத்தில் வேலை செய்திருக்கிறேன். ஸ்டேஷனில் நடப்பது இதுதான்: புகார் கொடுத்தால் சிஎஸ்ஆர் என்று ஒரு ரசீது கிழித்துக் கொடுப்பார்கள், புகாரை வாங்கிக்கொண்டதற்கு அடையாளம், வழக்குப் பதிவு இல்லை. அப்பாவைக் கூப்பிடுவார்கள். "இனிமேல் அடிக்க மாட்டேன்" என்று எழுதி வாங்குவார்கள். குழந்தை அதே ஆட்டோவில் அதே அப்பாவோடு வீட்டுக்குப் போகும். அன்று ராத்திரி அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அதனால் பாலு சார், எத்தனை வருடம் என்று கேட்பதற்கு முன்னால், இன்றைக்கு ராத்திரி குழந்தை எங்கே படுக்கும் என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிற இடம் ஸ்டேஷன் இல்லை, குழந்தைகள் நலக் குழு. மாவட்டத்துக்கு ஒன்றாவது உண்டு. ஒரு தலைவர், நான்கு உறுப்பினர், முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்டின் அதிகாரம். ஆபத்தில் இருக்கிற குழந்தையை 24 மணி நேரத்துக்குள் அவர்கள் முன் கொண்டுபோகணும், பயண நேரம் தனி. பாட்டி வீட்டில் விடலாமா, இல்லத்தில் வைக்கணுமா, கண்காணிப்போடு பெற்றோரிடமே அனுப்பலாமா என்று அவர்கள் முடிவு செய்வார்கள். வழக்குப் பதிந்தார்களா இல்லையா என்பதற்காக இது காத்திருக்க வேண்டியதில்லை.

1098 இலவசம், ராத்திரி பகல் எப்போதும் எடுப்பார்கள். முன்பு தொண்டு நிறுவனங்கள் நடத்தின, 2023 முதல் அரசே நடத்துகிறது, அவசர உதவி எண் 112-ஓடும் இணைத்துவிட்டார்கள். பெயர் சொல்லாமலும் தகவல் தரலாம். பக்கத்து வீட்டுக்காரர்கள் தயங்குவது இதற்காகத்தான் என்று எனக்குத் தெரியும், "நாளைக்கு லிஃப்டில் முகத்தைப் பார்க்கணுமே" என்பார்கள்.

ஒத்தையாள்72

எல்லாரும் ஒரு பக்கமாகவே பேசுகிறீர்கள். நான் விவாகரத்து வழக்கில் இருக்கிறவன். மகனை ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவிட்டேன். விளையாடும்போது விழுந்து முழங்கையில் சிராய்ப்பு. அதற்கு நான் அடித்ததாகப் புகார். போலீஸ் நேரடியாக வழக்குப் போடலாம் என்று இருந்திருந்தால் அன்றே என்னைத் தூக்கியிருப்பார்கள். வக்கீலம்மா பூட்டு என்கிறார், எனக்கு அது கூரை. குழந்தையை ஆயுதமாக வைத்துச் சண்டை போடுகிற வீடுகள் எத்தனை என்று குடும்ப நீதிமன்ற வராந்தாவில் ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள்.

மதுரை_வக்கீலம்மா

சார், உங்கள் பயம் நிஜம். நானே அப்படிப்பட்ட புகார்களை இரண்டு பக்கமும் நின்று பார்த்திருக்கிறேன். ஆனால் பொய்ப் புகாரை வடிகட்ட மாஜிஸ்திரேட்டிடம் அனுப்புகிறோம் என்றால், மாஜிஸ்திரேட்டிடம் யார் போவார்கள்? உங்கள் வழக்கில் உங்கள் மனைவிக்கு ஏற்கனவே ஒரு வக்கீல் இருக்கிறார், அவர் போவார். ஏழு வயதுப் பையன் போவானா? அவனை அடிக்கிற அப்பா போவாரா? வேலை வெட்டியை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் போவாரா? வக்கீல் வைத்து வழக்காடத் தெரிந்தவர்களை இந்தத் திருத்தம் ஒன்றும் செய்யவில்லை. யாரும் இல்லாத குழந்தையைத்தான் வெளியே நிறுத்திவிட்டது.

வழி இல்லாமல் இல்லை. ஒரே சம்பவத்தில் பல குற்றங்கள் இருந்து, அதில் ஒன்றாவது போலீஸ் நேரடியாகப் பதியக்கூடியது என்றால், மொத்த வழக்கும் அப்படித்தான் கருதப்படும். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 174, பழையதில் 155. நர்ஸ் சகோதரி சொன்ன சூட்டை எடுங்கள். நெருப்பாலோ காய்ச்சிய பொருளாலோ காயம் ஏற்படுத்துவது பிஎன்எஸ் 118(1), அது நேரடியாகப் பதியக்கூடியது. அதையும் 75-ஐயும் சேர்த்து மனு எழுதினால் ஸ்டேஷனில் "ஆர்டர் வாங்கிட்டு வாங்க" என்று சொல்ல முடியாது. ஆயுதமாகப் பயன்படுத்தினால் சாவு விளைவிக்கக்கூடிய கருவி என்றாலும் இதே 118-தான். பெல்ட்டின் பக்கிள் அதில் வருமா என்று சண்டை போடலாம். வெறும் கையால் அடித்த சாதாரண காயம் 115(2), ஒரு வருடம், அது நேரடியாகப் பதிய முடியாதது.

பாலு சார், உங்கள் விஷயத்தில் ஸ்கேனில் ஏதாவது தெரிந்தால் "உயிருக்கு ஆபத்து" என்கிற பத்து வருடப் படி திறக்கும். தெரியாமல் போகணும் என்றுதான் வேண்டிக்கொள்கிறேன். ஆனால் டாக்டர் ஏஆரில் "உலுக்கியதாகச் சொல்லப்படுகிறது" என்று எழுதியிருக்கிறாரா பாருங்கள்.

கொங்குத்தம்பி

சூடு வைக்கிறதை நானும் ஒத்துக்க மாட்டேனுங்க, அது பாவம். நான் சொன்னது ரெண்டு தட்டு தட்றதைப் பத்தி. ஆனா ஒண்ணு கேக்கறேன். தறிக்கு வர்ற பொண்ணு ஒருத்தி, புருசன் விட்டுட்டுப் போயிட்டான். ராத்திரி ஷிஃப்டுக்கு வரும்போது ரெண்டு புள்ளைங்களையும் வீட்டுக்குள்ள வெச்சுப் பூட்டிட்டு வருது. நீங்க சொல்ற கவனிக்காம விடுற குற்றத்துல அந்தப் பொண்ணும் உள்ள போகணுமா?

களப்பணி_ராஜா

அண்ணா, இந்த இழையிலேயே நல்ல கேள்வி இதுதான்.

சட்டத்தில் "வேண்டுமென்றே" கவனிக்காமல் விடுவது என்றுதான் இருக்கிறது. கைவிடுவதைப் பற்றி 75-லேயே ஒரு விலக்கும் உண்டு: பெற்ற தாய் தகப்பன் தங்கள் கையை மீறிய சூழ்நிலையால் குழந்தையை விட்டுவிட்டால் அது வேண்டுமென்றே செய்ததாகக் கொள்ளப்படாது. வளர்க்க முடியாதவர்கள் குழந்தைகள் நலக் குழுவிடம் ஒப்படைக்கலாம். மனசு மாறினால் திரும்பப் பெற இரண்டு மாதம் அவகாசம். சேலத்தில் 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் ஆரம்பித்ததும் இதே யோசனையில்தான், குப்பைத்தொட்டியில் போடாதே, தொட்டிலில் போடு, உன்னைக் கேட்க மாட்டோம் என்று. பெண் குழந்தையை விட்டுவிட அரசே வழிசெய்கிறது என்று அன்றைக்குத் திட்டியவர்களும் உண்டு. திட்டியதிலும் நியாயம் இருந்தது.

எதிர்ப்பக்கத்தில் பிஎன்எஸ் 93. 12 வயதுக்குக் கீழே உள்ள குழந்தையை அடியோடு கைவிடும் எண்ணத்தில் எங்காவது விட்டுவிட்டுப் போனால் பெற்றவருக்கோ பராமரிப்பவருக்கோ ஏழு வருடம் வரை.

உங்கள் தறிக்காரப் பெண் இதில் எதிலும் வரமாட்டார் என்பது என் கருத்து. அவரைப் பிடித்து உள்ளே போட்டால் அந்த இரண்டு பிள்ளைகளும் இரண்டு இல்லத்தில் இருப்பார்கள், பையன் ஓரிடம், பெண் ஓரிடம். இப்படிப் பிரிந்த அண்ணன் தங்கையைச் சேர்த்துவைக்க நாங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஆனால் அண்ணா, பூட்டிய வீட்டில் தீப்பிடித்தால் கேட்கப்போவது அவளைத்தான். உங்கள் தறியை அல்ல. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் கிரெச் வைக்கணும் என்று 2017-லிருந்து சட்டம் இருக்கிறது. உங்களிடம் எத்தனை பேர்?

கொங்குத்தம்பி

அவ்வளவு ஆள் இல்லீங்க, சின்னத் தறிதான். ஆனா கேட்டது சரிதான். ராத்திரி ஷிஃப்டை மாத்திக் குடுக்கலாம், அது என் கையில இருக்கு.

சிங்கை_மீனா

இங்கே எப்படி என்று சொல்கிறேன், ஒப்பிட உதவும். சிங்கப்பூரில் 2020-இல் இரண்டு சட்டத்தையும் இறுக்கினார்கள். சிறுவர் இளையர் சட்டத்தில் குழந்தையைக் கொடுமைப்படுத்துவதற்கு எட்டு ஆண்டு வரை சிறை, 8,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம். கொடுமையால் குழந்தை இறந்தால் அதே சட்டத்தில் 14 ஆண்டு வரை. ஆனால் எனக்கு முக்கியமாகப் பட்டது தண்டனைச் சட்டத்தில் புதிதாக வந்த 304சி. ஒரே வீட்டில் இருக்கிற 14 வயதுக்குட்பட்ட குழந்தையின் சாவுக்குக் காரணமானவர் மட்டுமல்ல, அந்த ஆபத்து தெரிந்தும், தெரிந்திருக்க வேண்டியிருந்தும், தன்னால் முடிந்ததைச் செய்யாமல் விட்டவரும் குற்றவாளி. 20 ஆண்டு வரை.

அப்பா அடித்தார், அம்மா அடுத்த அறையில் இருந்தார். முன்பெல்லாம் ஒருவர் மேல் ஒருவர் பழி போட்டால் யார் அடித்தது என்று நிரூபிக்க முடியாமல் வழக்கு நழுவும். இப்போது அது எடுபடாது.

தமிழ்செல்வி_ஸ்டாஃப்நர்ஸ்

மீனா, படிக்கும்போது நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் நான் பார்த்த அம்மாக்களில் பாதிப் பேர் குழந்தைக்கு முன்னால் தாங்கள் அடி வாங்கியவர்கள். குழந்தையின் கையைப் பிடித்திருக்கிற கையிலேயே கன்றிப்போன தடம் இருக்கும். அவளையும் கூண்டில் ஏற்றினால் அடுத்த முறை குழந்தையை ஆஸ்பத்திரிக்கே கொண்டுவர மாட்டாள்.

சிங்கை_மீனா

அக்கா, அந்தப் பயம் இங்கேயும் பேசப்பட்டது. "தன்னால் நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய அளவு" என்கிற வரி அதற்காகத்தான். போதுமா என்று கேட்டால், எனக்கும் சந்தேகம்தான்.

வடமராட்சியான்

இலங்கைப் பக்கத்தில் இருந்து ஒரு குறிப்பு. எங்கட தண்டனைச் சட்டக்கோவையில் 1995-இல் 308ஏ என்ற பிரிவைச் சேர்த்தவை. 18 வயதுக்குட்பட்ட பிள்ளை யாருடைய பராமரிப்பில் இருக்கிறதோ அவர் அடித்தாலோ, கொடுமைப்படுத்தினாலோ, புறக்கணித்தாலோ, கைவிட்டாலோ இரண்டு வருடத்துக்குக் குறையாமல் பத்து வருடம் வரை சிறை, நட்டஈடும் கட்டச் சொல்லலாம். இந்தியாவின் மூன்று வருடப் படியைப் போல இல்லாமல் ஆகக்குறைந்த தண்டனை எழுதியே இருக்கு. முறைப்பாட்டுக்கு 1929, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை.

ஆனால் இங்கே பிரச்சினை வேற விதம். தாய் மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போயிடுவா. பிள்ளையை அம்மம்மாவோ மாமாவோ பார்க்கினம். அடிக்கிறது மாமா என்றால், முறைப்பாடு செய்யவேண்டிய தாய் குவைத்தில் இருக்கிறா. அவ அனுப்புற காசில்தான் அந்த வீடே ஓடுது. 2013-இல் ஐந்து வயதுக்குக் குறைஞ்ச பிள்ளை உள்ள தாய்மார் போக முடியாது என்று குடும்பப் பின்னணி அறிக்கை கொண்டுவந்தவை. பிள்ளையைக் காப்பாத்த என்று சொன்னாலும் தடுக்கப்பட்டது தாய்தான். தகப்பனிட்ட ஒருத்தரும் அறிக்கை கேட்கேல்லை.

நெறியாளர்

சற்றுமுன் ஒரு பதிவை நீக்கியிருக்கிறேன். 2021-இல் தமிழ்நாடு முழுக்கச் சுற்றிய, ஒரு தாய் தன் குழந்தையை அடிக்கும் வீடியோவின் இணைப்பு அதில் இருந்தது, ஊர் பெயரோடு. குழந்தையை அடையாளம் காட்டுகிற பெயர், முகவரி, பள்ளி, படம் எதையும் வெளியிடக்கூடாது. ஜேஜே சட்டம் பிரிவு 74, ஆறு மாதம் வரை சிறை அல்லது 2 லட்சம் வரை அபராதம். பரப்புகிறவர் நல்லெண்ணத்தில் பரப்பினாரா என்பதை அந்தப் பிரிவு கேட்பதில்லை. பாலு, உங்கள் அடுக்ககக் குழுவில் இருக்கிற அந்தக் கேமரா வீடியோவையும் எல்லோரையும் அழிக்கச் சொல்லுங்கள். அசல் பதிவு பெற்றோரிடம் மட்டும் இருக்கட்டும்.

மதுரை_வக்கீலம்மா

நெறியாளருக்கு நன்றி, நான் சொல்ல மறந்தது. அசலை போனில் மட்டும் வைத்திருந்தால் போதாது. கேமராவின் ரெக்கார்டரில் சில நாளில் மேலெழுதிவிடும், அதைக் கழற்றிப் பத்திரப்படுத்தணும். நீதிமன்றத்தில் மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் கேட்பார்கள்.

கேமரா இருக்கிற வழக்கு அதிர்ஷ்டமுள்ள வழக்கு. 2016-இல் நவி மும்பை கார்கரில் ஒரு கிரெச் ஆயாவின் வழக்கு நாடு முழுக்கப் பேசப்பட்டதற்குக் காரணமே கேமராப் பதிவுதான். அப்பா அம்மா அடிக்கிற வீட்டில் கேமரா கிடையாது, சாட்சி குழந்தை மட்டும்தான். சாட்சி சொல்லக் குறைந்தபட்ச வயது என்று நம் சட்டத்தில் இல்லை, கேள்வி புரிந்து பதில் சொல்லத் தெரிந்தால் போதும். ஆனால் வழக்கு விசாரணைக்கு வருவதற்குள் அப்பா ஜாமீனில் வீட்டுக்கு வந்திருப்பார், குழந்தை அவர் போடுகிற சோற்றைத்தான் தின்னும். கூண்டில் ஏறி "கீழே விழுந்தேன்" என்று சொல்லும். சில வழக்குகள் அதற்கு முன்பே சமரசம் என்று உயர் நீதிமன்றத்தில் ரத்தாகும். சமரசம் யாருக்கும் யாருக்கும்? அப்பாவுக்கும் அம்மாவுக்கும்.

அதனால்தான் "பத்து வருஷமாக்கு, இருபது வருஷமாக்கு" என்கிற குரலோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. தண்டனை ஏற ஏற, சொந்த அப்பாவுக்கு எதிராகப் பேசுகிற குழந்தையின் பாரமும் ஏறும். எனக்கு இரண்டே விஷயம் வேண்டும். பிரிவு 86 பழையபடி ஆகணும். இன்னொன்று, முதல் முறை மாட்டுகிற பெற்றோரை நன்னடத்தைச் சட்டம், 1958-படி கண்காணிப்பில் விடுவதைப் பேருக்குச் செய்யாமல், நன்னடத்தை அலுவலர் மாதாமாதம் வீட்டுக்கே போய்க் குழந்தையிடம் தனியாகப் பேசுகிற மாதிரி செய்யணும். அலுவலர் ஒருவர், கோப்பு மலைபோல் என்கிற நிலையில் அது நடக்காது, ஆள் போடணும்.

ஒத்தையாள்72

குழந்தையிடம் தனியாகப் பேசட்டும், நான் அதை வரவேற்கிறேன். என் மகனிடம் யாராவது தனியாகக் கேட்டிருந்தால் என் வழக்கே இருந்திருக்காது.

களப்பணி_ராஜா

சரியாகச் சொன்னீர்கள் சார்.

ஒரு எண் மட்டும் போடுகிறேன். 2007-இல் மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் ஒரு பெரிய ஆய்வு வெளியிட்டது. குடும்பத்துக்குள் அடி வாங்கிய குழந்தைகளில் 88.6 சதவீதம் பேரை அடித்தது பெற்றோர். அந்த 13-இல் தமிழ்நாடு இல்லை, அதனால் நாம் விலக்கு என்று யாரும் நினைக்க வேண்டாம். வாட்ஸ்அப்பில் நமக்குக் கோபம் வருவதெல்லாம் ஆயா மேல்தான்.

பல்லாவரம்_பாலு

எல்லோருக்கும் நன்றி. ஸ்கேன் எடுத்தார்கள், ரத்தக் கசிவு இல்லை, கண்ணும் நன்றாக இருக்கிறது, மறுபடி ஒரு முறை காட்டச் சொல்லியிருக்கிறார்கள். ஏஆர் நகல் கையில் இருக்கிறது. ஸ்டேஷனில் சிஎஸ்ஆர் கொடுத்திருக்கிறார்கள், வக்கீல் மூலமாக மாஜிஸ்திரேட்டிடம் போகப்போகிறார்கள்.

பி பிளாக் விஷயத்தில் டீச்சரும் நானும் 1098-க்குப் பேசினோம். பெயர் கேட்டார்கள், டீச்சர் தன் பெயரையே கொடுத்துவிட்டார்.

கடைசியாக ஒரு சந்தேகம். அந்த ஆயாவை வேலையை விட்டு அனுப்பியாகிவிட்டது. நாளைக்கு வேறொரு வீட்டில் சேர்ந்தால் அவர்களுக்கு எப்படித் தெரியும்? ஏதாவது பட்டியல் இருக்கிறதா?

மதுரை_வக்கீலம்மா

இல்லை. பாலியல் குற்றவாளிகளுக்கு 2018 முதல் தேசியத் தரவுத்தளம் இருக்கிறது, அதுவும் காவல்துறை மட்டும் பார்ப்பது. பிரிவு 75 குற்றவாளிகளுக்கு அதுகூடக் கிடையாது. வேலைக்கு வைக்கிறவர் போலீஸ் சரிபார்ப்புக்கு விண்ணப்பிக்கலாம், அதில் வழக்கு பதிவாகியிருந்தால் தெரியவரும். வெறும் சிஎஸ்ஆரோடு நின்றுபோன விஷயம் பெரும்பாலும் அதில் வராது. அதனால் அந்தப் பெற்றோர் மாஜிஸ்திரேட் உத்தரவு வாங்குகிற வரைக்கும் விடாமல் இருக்கட்டும். மனு எழுத உதவி வேண்டுமானால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் கட்டணம் இல்லை, வருமானச் சான்றும் கேட்க மாட்டார்கள்.